இறுக்காத மூன்று ஸ்குருக்கள்

அந்த மூன்று ஸ்குருக்களை நான் இறுக்கவில்லை. இறுக்கிவிட்டேன் என்று சொன்னேன். வேறு யாரையும் இதில் இழுக்க மாட்டேன். இறுக்காத கையும் என்னுடையது, சொன்ன வாயும் என்னுடையது.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. என் தங்கை மலருக்குத் தெரியாது. அவள் கணவன் தினகரனுக்கும் தெரியாது... அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். முன்பின் அறியாத உங்களிடம் வந்து கொட்டுகிறேன் பாருங்கள், என் வீரம் அவ்வளவுதான்!

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் பாதிதான் சொன்னதாகும். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பிரிக்பீல்ட்ஸிலும் அதைச் சுற்றியும் இருக்கிற அடுக்குமாடிகளுக்கு மாதம் ஒரு முறை போவேன். கையில் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அதில் டிக் அடிப்பேன். தொடாமல் டிக் அடித்த ஓர் ஆளை, "இந்தக் கை விளங்குமாடா?" என்று பத்துப் பேர் முன்னால் வைத்துக் கிழித்திருக்கிறேன். அவன் மறு மாதமே வேலையை விட்டுப் போய்விட்டான். நான் அதில் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

தினகரனை மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டான். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது காப்பி டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்த்தான் என்று மலர் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். கடலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான்.

பலகை மேல் பாய் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் ஓட்டியது அதிலேயே ஒரு வகை. பலகைக்கு அடியில் ஏறக்குறைய இடுப்புயரத்துக்கு ஓர் அலுமினியத் தண்டு. தண்டின் நுனியில், தண்ணீருக்குள், குட்டி விமானம் மாதிரி முன்னால் ஓர் இறக்கை, பின்னால் ஓர் இறக்கை. ஃபாயில் என்று பெயர். கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் முன் இறக்கை பலகையைத் தண்ணீரை விட்டே மேலே தூக்கிவிடும். அலை அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றுபோகும். நாற்பதைத் தாண்டியிருந்த எனக்கு அந்த அமைதிக்காகவே வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏற முடிந்தது.

ஆனால் நம் பக்கத்துக் காற்று இருக்கிறதே... அதைக் காற்று என்று சொல்வதே அதிகம்! மணிக்கணக்கில் இலை அசையாது. திடீரென்று ஒரு வீச்சு வந்து அறையும். தூக்கும். அடுத்த நிமிடம் செத்துப்போகும். பலகையோடு நீங்களும் தொப்பென்று தண்ணீரில். இந்த மாதிரிக் காற்றுக்குப் பெரிய இறக்கை மாட்ட வேண்டும், பாயை விசிறி மாதிரி அடித்து அடித்துத்தான் எழும்ப வேண்டும். வீச்சு வந்ததும் உடம்பை முன்னால் சாய்க்காவிட்டால் பலகை எகிறிவிடும்.

போதாததற்கு நாங்கள் போனது பந்திங் தாண்டி இருக்கும் சேற்றுக் கடற்கரை. கடல் ஏறி நிற்கிற இரண்டு மணி நேரம்தான் தண்டு முழுகும் ஆழம் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் காற்றும் வர வேண்டும். வராத ஞாயிற்றுக்கிழமைகள்தான் அதிகம்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. தினகரன் கொண்டுவந்தது. இறக்கையை மாட்டுகிறவன் ஸ்குருக்களை விரலால் மட்டும் திருகிவிட்டு நிறுத்திவிட வேண்டும். ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியைப் போட்டு இறுக்குவது மற்றவன் வேலை. இறுக்கிவிட்டு வாயைத் திறந்து "டைட்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்காமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. தன் வேலையில் தன் கண்ணுக்குத் தப்பு தெரியாது, அதனால் தன்னுடையதைத் தானே இறுக்கக் கூடாது என்பான். தொழிற்சாலை நண்பர்கள் நான்கைந்து பேருக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தபோதும், பாயைப் பிடிக்கச் சொல்லும் முன்பு இதைத்தான் சொல்லிக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும். பந்திங்கில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் போனோம். அதற்கு முன் மூன்று வாரமாகப் பாயை நனைக்காமல் திரும்பியிருந்தோம். அவன் முதலில் சிறிய இறக்கையை மாட்டினான், நான் இறுக்கினேன், டைட் என்றேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தோம். காற்றே இல்லை. நான் ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிட்டேன். இந்தக் காற்றுக்குச் சிறியது தாங்காது என்று சொல்லி, அவன் அதைக் கழற்றிப் பெரிய இறக்கையை மாட்டினான். மூன்று ஸ்குருக்களையும் விரலால் திருகினான். ஆலன் கீயை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பாயைக் கட்டப் போனான்.

நான் குனிந்தேன். உண்மையாகவே குனிந்தேன்... அப்போதுதான் தெற்கே தண்ணீரின் மேல் தோல் கறுத்து வருவது தெரிந்தது. வீச்சு வருகிறது என்று அர்த்தம். கடல் இறங்க இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை.

நிமிர்ந்துவிட்டேன். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டேன். என் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து அவன் கேட்டான்:

"மச்சான், பாத்தாச்சா?"

"டைட் மாப்ள," என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று ஸ்குருக்களை இறுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்கிறீர்களா? பிறகு ஒரு நாள் வீட்டில் கடிகாரத்தை வைத்துச் செய்து பார்த்தேன். அரை நிமிடம் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது எனக்குத்தான் அதிகம் கசக்கிறது. அன்று நான் பறந்தேன். ஐந்து முறை பாயை அடித்தேன், வீச்சு வந்து தூக்கியது, சத்தம் நின்றது. அத்தனை நீளத்துக்கு அதற்கு முன் நான் பறந்ததே இல்லை. ஸ்குரு என் நினைவிலேயே இல்லை! சும்மா சொல்லக் கூடாது, மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அவனும் எனக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டம் ஓடினான். ஒரு கையை விட்டு எனக்கு ஆட்டினான்.

மூன்றாவது வீச்சில் அவன் பலகை மேலே எழும்பியது, ஒரு மாதிரி நெளிந்தது, மூக்கு குப்புறக் குத்தியது. முன் இறக்கை கழன்றுபோயிருந்தது. அவன் முன்னால் தூக்கி எறியப்பட்டான், பாய்மரம் அவன் தலையிலும் தோளிலும் இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது மிதவைச் சட்டை அவனை மல்லாக்க வைத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "இன்னும் சாப்பிடலயா நம்ம?" என்று கேட்டான்.

ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கரை சேர்த்தது. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் வேனை ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பையில் இருந்த ஆலன் கீ தொடையில் குத்திக்கொண்டே இருந்தது. எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிள்ளான் மருத்துவமனையில் மலர் நின்றிருந்தாள். இந்த விளையாட்டே வேண்டாம் என்று அவள் முதலிலிருந்தே சொன்னவள். "நான் இருக்கேன்லா, அவனுக்கு ஒன்னும் ஆகாது" என்று அவள் வாயை அடைத்தவன் நான். அவள் அழவில்லை. என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டாள்.

கடைசி நேரத்தில் அவனாக இறக்கையை மாற்றிக்கொண்டான், நான் அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டேன், அவன் யாரையும் பார்க்கச் சொல்லாமல் வந்துவிட்டான் என்றேன். யோசித்துச் சொன்னேனா? இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இறக்கையும் ஸ்குருக்களும் கடலுக்கு அடியில். பார்த்தவர் யாருமில்லை.

அவன் மட்டும்தான் பாக்கி. மறு நாள் காலை அவனுக்குத் தெளிந்தது. தோள் விலகித் தசை கிழிந்திருந்தது; மண்டைக்குள் காயம் ஒன்றுமில்லை, ஆனால் அடிபட்ட அதிர்ச்சியில் அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது நினைவில் இருக்காது என்றார் டாக்டர். நாசி லெமாக் சாப்பிட்டது அவனுக்கு நினைவிருந்தது. சிறிய இறக்கையை நான் இறுக்கியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"என்ன நடந்துச்சு மச்சான், நீதான் சொல்லணும்," என்றான்.

சொன்னேன். மலரிடம் சொன்னதையே, இன்னும் கொஞ்சம் விவரமாக. அவன் நினைவில் காலியாக இருந்த அந்த இடத்தில் என் பொய்யைக் கொண்டுபோய் வைத்தேன்... அவன் அதைத் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டான். "நான் போட்ட ரூலை நானே மீறியிருக்கேன்," என்று மட்டும் சொன்னான்.

தோள் ஓரளவு சரியாகிவிட்டது. தோளுக்காக இதை எழுதவில்லை.

அவன் நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தினான். தன்னுடையதையே பார்க்காதவன் அடுத்தவன் உயிருக்கு எப்படிப் பொறுப்பு எடுப்பது என்று கேட்டான். ஆறு மாதம் கழித்துத் தொழிற்சாலையில் பரிசோதனை வேலையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ஸ்டோருக்கு மாறிக்கொண்டான். யாரும் மாறச் சொல்லவில்லை. இப்போது வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறான், காரில் ஏறியபின் இறங்கிப் போய் மறுபடி இழுத்துப் பார்க்கிறான். கேஸ் அடுப்பை அணைத்ததாக மலர் சொன்னாலும் எழுந்து போகிறான். அவள் முதலில் கேலி செய்தாள். இப்போது செய்வதில்லை. ஒரு நாள் என்னிடம், "என்ன ணே இவரு இப்படி ஆயிட்டாரு?" என்றாள். நான் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லையா என்பீர்கள். எத்தனையோ! தீபாவளிக்குத் தீபாவளி அவன் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். சொன்னால் தங்கை வீட்டு வாசல் எனக்கு அடைபடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று: ஒரு வருடம் கழித்துச் சொன்னால் ஒரு வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். இரண்டு வருடம் கழித்தால் இரண்டு வருடம். இப்படியே ஐந்து. கோழைக்குக் கணக்கு நன்றாக வரும்.

போன மாதம் அவர்கள் மகள் யாழினி தானும் ஃபாயில் ஓட்டப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பத்தொன்பது வயது, அப்பாவின் பலகை சும்மா கிடக்கிறது, விடுவாளா? மலர் கத்தினாள். தினகரன் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தான். அவள் இறக்கையை நான்தான் இறுக்க வேண்டும்.

அதே கடற்கரை. அதே மாதிரி வந்தும் வராத காற்று. யாழினி விரலால் மூன்று ஸ்குருக்களையும் திருகினாள். நான் மண்டியிட்டு ஆலன் கீ போட்டேன். ஆமாம், அதே சாவிதான்; தூக்கிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. தினகரன் ஓரடி தள்ளி நின்றான். நீயும் ஒரு முறை தொட்டுப் பார் என்றேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் மச்சான். என் கையை நான் நம்ப மாட்டேன். உன் கைதான்."

உண்மை வாய் வரை வந்தது. சத்தியமாக வந்தது! அப்போது யாழினி, "மாமா, ஓகேயா?" என்றாள். ஒவ்வொரு ஸ்குருவிலும் மறுபடி சாவியை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. டைட் என்றேன். அவள் போய்விட்டாள்.

நான் பலகையை இறக்கவேயில்லை. அந்த விபத்துக்குப் பிறகு நான் பறந்ததில்லை. அவள் விழுவதும் எழுவதுமாக இருப்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வீச்சில் பலகை ஒரு சாண் உயரம் எழும்பி அமர்ந்தது. அவன் சிரித்தான். பிறகு கண்ணை அவள் மேலிருந்து எடுக்காமலே கேட்டான்.

"ஒன்னு மட்டும் எனக்குச் சொல்லு மச்சான். நீ தண்ணில எறங்கிட்டேன்னு சொன்னியே. இருந்தாலும் நான் ஒரு தடவையாவது உன்னைக் கூப்பிட்டிருப்பேன்ல? பாத்தாச்சான்னு கேட்டிருப்பேன்ல? என் குணம் அதுதானே."

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முழு உண்மைகூட இல்லை. ஆமாம் என்று ஒரே ஒரு சொல். கேட்டாய், எனக்குத்தான் காதில் விழவில்லை என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தாலும் அவனுக்கு அவன் கை திரும்பக் கிடைத்திருக்கும். ஆனால் அடுத்து, நான் கேட்டும் நிற்காமல் நீ ஏன் போனாய் என்று ஆரம்பித்தால்?

"இல்ல மாப்ள. கேக்கல."

அவன் தலையை ஆட்டினான்.

"கேட்டிருக்கணும்லா," என்றான்.

மேலே, அவன் ஒரு முறை கேட்டதாக எழுதியிருக்கிறேன். உங்களிடமும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை கேட்டான். "டைட்" என்று சொல்லிவிட்டு நான் நடந்துகொண்டிருந்தபோது, "நெசமாவா?" என்று மறுபடி கேட்டான். நான் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.