ராவுக்காரர் வாட்ச்

சென்ற ஆண்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன், இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஜாரில் ஒரு வாட்ச் கடையில் இது நடந்தது. நோர்வூட்டிலிருந்து பஸ் ஏறிப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண். ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொண்டு போனோம். இரண்டும் ஒரே மாதிரி. இரண்டும் சரியாக ஓடாதவை.

என் பையில் இருந்தது அப்பாவுடையது. அப்பாவுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கம் அதை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். ஏற வேண்டிய அளவு ஏறியதும் சூட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். முந்தினால் தேநீரில் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சப்பென்று போய்விடும். அந்த நேரத்தைப் பார்ப்பது பகலில் அப்பாவின் பொறுப்பு. இரவில் அதே பொறுப்பு இன்னொருவருக்கு. அவரை எங்கள் வீட்டில் ராவுக்காரர் என்போம். தோட்டத்தை நிர்வகித்து, மாற்றலாகிப் போன ஒரு பெரிய துரை இந்த இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு சுவிஸ் வாட்ச் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா பரப்பிய கடைசிக் கொழுந்தைச் சூட்டுக்கு எடுப்பவர் ராவுக்காரர். ராவுக்காரர் விடியலில் பரப்பியதை எடுப்பவர் அப்பா. அதனால் வேலை மாறும்போது இரண்டு வாட்ச்சையும் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். முள்ளுக்கு முள் ஒத்துப்போன பிறகுதான் ஒருவர் வீட்டுக்குப் புறப்படுவார். ரேடியோ நேரம் என்ன சொல்கிறது என்று இருவருமே கேட்டதில்லை. அவர்களுக்கு அது ஸ்டோர் நேரம், அவ்வளவுதான்.

பிறகு, மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில், ராவுக்காரருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. குடும்பத்தோடு கப்பலேறிப் போய்விட்டார். அப்பா ஓய்வு பெறும்வரை அதே ஸ்டோரில் இருந்தார், அதே வாட்ச்சோடு. ஓய்வு பெற்ற பிறகும் கழற்றவில்லை. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வாசற்படியில் வழுக்கி விழுந்தார். கை உடையவில்லை, வாட்ச் நின்றுவிட்டது.

அப்பா போன பிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவரு தெவசத்துக்குப் படையல் போடுறப்ப அந்த வாட்ச் ஓடணும் தம்பி."

வேறொரு ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடும் சின்னச் சக்கரத்தின் அச்சு முறிந்திருக்கிறது என்றார்கள். அதே வாட்ச்சின் சக்கரம் கிடைக்காது என்று வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். ஓடியது. ஆனால் ஒருநாள் முந்தியது, ஒருநாள் பிந்தியது. அம்மா அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஓடுது. ஆனா இது அவரு வாட்ச் மாதிரி ஓடல. குடிச்சு வெறி புடிச்சவன் நடக்கிற மாதிரி நடக்குது."

அப்போதுதான் ராவுக்காரர் வாட்ச் நினைவுக்கு வந்தது. எங்கள் தோட்டத் திருவிழாவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இந்தியாவுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அப்பாவின் வாட்ச்சைப் படம் எடுத்துப் போட்டேன். இது போல ஒன்று யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். சாயங்காலமே மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு படம் வந்தது. அதே முகப்பு, அதே முட்கள். அனுப்பியவர் ராவுக்காரரின் மகள். ஊரைவிட்டுப் போகும்போது சின்னப் பிள்ளை. தன் அப்பா இறந்து வெகுகாலமாகிறது, வாட்ச் அதற்கும் முன்பே நின்றுவிட்டது, திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வருகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

சொன்னபடி வந்தார். அன்று பஸ்ஸில் கண்டக்டரிடம் நான் வாய் திறப்பதற்குள் "ஹட்டன் தெகக்" என்று சிங்களத்தில் இரண்டு டிக்கெட் கேட்டார். கண்டக்டர் தமிழில் "ரெண்டா அக்கா?" என்றார். "மறக்கலண்ணே, பாத்தீங்களா" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதன்பிறகு ஹட்டன் வரும்வரை மடியில் இருந்த கைப்பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடியே வந்தார்.

வாட்ச் கடைக்காரர் நாற்பது வயதுக்காரர். கடையின் பாதியில் அவருடைய தம்பி போன் கவர் விற்கிறார். மறுபாதியில், ஜன்னல் ஓரம், இவர் மேசை. வாய் ஓயாத மனிதர். முதலில் என் வாட்ச்சின் பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"என்னாண்ணே இது, வாட்ச்சா, தேயிலைப் பொட்டலமா? கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துனா ஒரு பிளேன்டீ குடிக்கலாம் போல."

குனிந்து பார்த்தேன். சக்கரங்களைத் தாங்கும் தகட்டின் விளிம்பு முழுக்கப் பழுப்பு நிறப் பொடி ஒட்டியிருந்தது. பூஞ்சை போல மென்மையானது. தேயிலை காயும்போது கிளம்பும் தூசு. முன்பு பழுது பார்த்தவர் சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு இதைத் தொடாமல் விட்டிருக்கிறார். சாவி கொடுக்கும் குமிழ் இருக்கிறதே, அதன் துவாரம் வழியாகத்தான் தூசு உள்ளே போகும் என்றார் கடைக்காரர்.

பிறகு அந்தப் பெண்ணிடம் கை நீட்டினார். அவர் தன் கைப்பையிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து, வாட்ச்சைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் விரல் மேசை விளிம்பிலிருந்து எடுபடவில்லை.

"இதை இதுக்கு முன்னாடி யாரும் தொறந்திருக்காங்களா?"

"இல்லீங்க. அப்பா விட மாட்டாரு. நின்னு போச்சே, குடுத்துப் பாருங்கப்பான்னா, இங்க யாரு வாட்ச்சோட வச்சுச் சரி பாக்கிறது, கெடக்கட்டும்பாரு. நின்ன வாட்ச்சத்தான் சாகுற வரைக்கும் வச்சிருந்தாரு."

மூடி திறந்தது. கடைக்காரர் பூதக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் கிட்டே குனிந்தார். நானும் குனிந்தேன்.

மேலே வெள்ளை. குமிழின் துவாரத்திலிருந்து தொடங்கி, தகட்டின் ஓரம் நெடுக மெல்லிய வெள்ளை இழைகள். கடைக்காரர் ஊசி முனையால் ஓரிடத்தில் அதை விலக்கினார். அடியில் பழுப்பு. என் வாட்ச்சில் இருந்த அதே பழுப்பு.

"கீழ தேயிலை. மேல இது என்னான்னு தெரியல" என்றார். பழக்கத்தில், தூசு ஊதும் ரப்பர் பந்தைக் கையில் எடுத்தார்.

"ஐயோ ஊதாதீங்க!" அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் தான் செய்தது உறைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பஞ்சுங்க. அது பஞ்சு. அங்க போய் அப்பாவுக்கு நூல் மில்லுலதான் வேலை குடுத்தாங்க. மிஷின் பக்கம் வாட்ச் கட்டக் கூடாதும்பாங்க. மடியில சொருகிக்கிட்டுப் போவாரு."

பத்திரிகைக்குச் செய்தி எழுதி நாட்களை ஓட்டியவன் நான். இந்தியாவுக்குப் போனவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன், எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதரின் இரண்டு வாழ்க்கையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, விரல் நகத்தளவு இடத்தில் இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். யாரும் சேர்த்து வைத்ததில்லை அது. தானாகப் படிந்தது. முகர்ந்து பார்த்தேன். தேயிலை வாசமெல்லாம் இல்லை. காய்ந்த எண்ணெய் வாடைதான். 

கடைக்காரர்தான் எங்களை இந்த உலகத்துக்குக் கொண்டு வந்தார். இரண்டையும் ஆராய்ந்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். என் வாட்ச்சில் அசல் ஆடும் சக்கரம் இல்லை, ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. அந்த வாட்ச்சில் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, ஆடும் சக்கரம் நன்றாக இருக்கிறது.

"ரெண்டுல ஒண்ணுதான் அசலா ஓடும். அதுலருந்து சக்கரத்த எடுத்து இதுல போடலாம். இல்ல, இதுலருந்து ஸ்பிரிங்க எடுத்து அதுல போடலாம். எத உசுராக்கணும்னு நீங்களே சொல்லுங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"அண்ணன் வாட்ச்சத்தான். அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றார் அவர். பார்வை மட்டும் வெள்ளையும் பழுப்புமாக அந்தத் தகட்டிலேயே இருந்தது.

எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பதாகச் சொல்லித்தான் கடல் கடந்து வந்திருக்கிறார். ஆனால் எடுத்தால் அவருடைய அப்பாவின் வாட்ச் இனி ஓடாது. அம்மாவின் படையல் கண்முன் நின்றது. கடைசியில் அம்மாவுக்கே போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பஞ்சு என்றதும் அம்மா "பஞ்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு என்னிடம் திருப்பிக் கேட்டார்.

"ஏன்டா தம்பி, ஸ்டோர்ல என்னா வழக்கம்? ராவுக்காரரு வந்துட்டா உங்கப்பா அங்க நிப்பாரா?"

"வீட்டுக்கு வந்துருவாரு."

"இப்ப யாரு வந்திருக்கா?"

 அம்மாவே சொன்னார்.

"ராவுக்காரரு மக வந்திருக்கு. அவுங்க வாட்ச் ஓடட்டும். உங்கப்பா ஸ்பிரிங்க அதுல போடு. அந்த மனுசன் அம்புட்டு வருசம் ஒழைச்சாரு, இனி தூங்கட்டும். ஏ புள்ள, கேக்குதா? வாட்ச்ச நீ கொண்டு போ. ஒரு வருசம் நீ கட்டு. அடுத்த திருவிழாவுக்குக் கொண்டாந்து இவன்கிட்ட மாத்திக் குடு. அதுக்கடுத்த வருசம் உனக்கு. ஆனா தெவசத்துக்கு இருந்து, படையல்ல வச்சுட்டுத்தான் போகணும், ஆமா."

"இருக்கேன் பெரியம்மா" என்றார் அவர்.  கடைக்காரரின் தம்பி போன் கவர் விற்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவ இங்க கொண்டாந்து உக்கார வச்சா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார் கடைக்காரர். மறுநாள் வரச் சொன்னார். ஊதாமல், மெல்லிய தூரிகையால் இரண்டு வாட்ச்சின் தூசையும் ஒரே வெள்ளைத் தாளில் தட்டி, மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

மறுநாள் போனபோது ராவுக்காரர் வாட்ச் சுத்தமாகி, பின்மூடி மட்டும் போடாமல் எங்களுக்காகக் காத்திருந்தது. உள்ளே அப்பாவின் ஸ்பிரிங். கடைக்காரர் குமிழை அந்தப் பெண்ணிடம் காட்டி, "நீங்களே சாவி குடுங்க" என்றார். அவர் இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை திருப்பினார். அந்தச் சின்னச் சக்கரம் ஒரு முறை சிலிர்த்தது போலிருந்தது. பிறகு நடுவிலிருந்து ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் போய், திரும்பி, கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஆடத் தொடங்கியது. அவருடைய அப்பா உயிரோடு இருந்தபோதே நின்றுபோன சக்கரம் அது. என் அப்பாவின் ஸ்பிரிங் தள்ள, அவருடைய அப்பாவின் சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது.  வெளியே பஸ்காரன் "தலவாக்கலை, நுவரெலியா" என்று கத்தியது மட்டும் கேட்டது.

திவசத்தன்று படையலில் அப்பாவுக்குப் பிடித்த ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வைத்தோம். பக்கத்தில் இரண்டு வாட்ச்சையும், ஸ்டோர் மேசையில் இருப்பது போலவே, பக்கத்தில் பக்கத்தில். ஓடாத அப்பாவின் வாட்ச்சின் முள்ளை, ஓடுவதோடு ஒத்துப்போகும்படி நான் திருப்பி வைத்தேன். கும்பிட்டு முடித்ததும் அம்மா ஓடுகிற வாட்ச்சை எடுத்துக் காதில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"இப்பச் சரி" என்றார். ராவுக்காரர் மகளின் கையில் அவரே கட்டிவிட்டார்.

புறப்படும்போது அந்தப் பெண் தூசு மடித்த தாளை என்னிடம் கொடுத்தார். "வாட்ச்ச நான் கொண்டு போறேன். இது இங்க இருக்கட்டும்ண்ணே." தேயிலையும் பஞ்சும் கலந்த அந்தப் பொட்டலம் இப்போது அப்பாவின் வாட்ச்சோடு என் அலமாரியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணப்பாறையிலிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன் நேரத்தைச் சொல்லிவிடுவார். "எட்டு பத்துண்ணே." நான் என் போனைப் பார்ப்பேன். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான், நடுவில் கடல் இருந்தாலும். ஒருநாள் இரண்டு நிமிடம் வித்தியாசம் இருந்தது. சொன்னேன். "அப்ப உங்க போனத் திருத்துங்க" என்று சிரித்தார். அடுத்த திருவிழாவில் முறை எனக்கு வரும். அப்பாவோடு முடிந்துபோயிற்று என்று நான் நினைத்திருந்த, நேரம் ஒத்துப் பார்க்கும் அந்த வேலை, கடலுக்கு அந்தப் பக்கம் வேறொருவர் கையில் நிற்காமல் நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு, போனை வைத்த பிறகும் என்னைக் கொஞ்ச நேரம் எழுந்திருக்க விடுவதில்லை.