வெளிர் நிற மாவட்டத்துப் பெண்

ஜனவரி, பொங்கலுக்கு அடுத்த வாரம்: பாவாடை நாடா இடுப்புக்கு எட்டவில்லை என்று என் மனைவி கூறினாள்.

பிப்ரவரி, இரண்டாம் வாரம்: வயிற்று ஸ்கேன். அதற்கடுத்த வாரம் திசுப் பரிசோதனை. சினைப்பைப் புற்றுநோய், வயிற்றறையில் பரவிய நிலை.

மார்ச் முதல் ஜூலை வரை: கீமோதெரபி.

ஆகஸ்ட், கடைசி வாரம்: மேற்கொண்டு கீமோ வேண்டாம் என்று மருத்துவரும் அவளும் முடிவு செய்தனர். வலியைக் கவனிக்கும் செவிலியர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

செப்டம்பர், இரண்டாம் சனிக்கிழமை: அவளைச் சொந்த ஊருக்கு அழைத்துச் செல்ல அவளுடைய தம்பி வேனுடன் வந்தார். மாலையில் அந்த வேன் எங்கள் பழைய வாஷிங் மெஷினை ஏற்றிக்கொண்டு திரும்பிச் சென்றது.

அக்டோபர், முதல் வெள்ளிக்கிழமை, காலை: பெங்களூரு தொம்மலூரில் எங்கள் வீட்டில் இறந்தாள். வயது அறுபத்தெட்டு.

நடந்தவை இவ்வளவே. வாஷிங் மெஷினைப் பற்றி மட்டும் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் எங்கள் இல்லறத்தின் நீண்ட வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் மக்கள்தொகைப் புள்ளியியல் கற்பித்தவன். அறுபது வயதைக் கடந்தவர்களிடையே புற்றுநோயால் நேரும் இறப்பு விகிதம் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன். அந்த வேற்றுமையில் ஒரு பங்கு உண்மையானது. புகையிலை, உணவு, காற்று, நோய் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பவை இடத்துக்கு இடம் வேறுதான். இன்னொரு பங்கு வயதுக் கலவையால் வருவது. எண்பது வயதினர் மிகுந்த ஊரையும் அறுபது வயதினர் மிகுந்த ஊரையும் அப்படியே ஒப்பிடுவது, முதியோர் இல்லத்தையும் கல்லூரியையும் நரைமுடியை வைத்து ஒப்பிடுவது போன்றது. அதைக் கணக்கில் சரிசெய்துவிடலாம். கணக்கால் சரிசெய்ய முடியாத பங்கு ஒன்றும் உண்டு. சில ஊர்களில் முதியவர் எதனால் இறந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

என் வகுப்புக்கென்று வரைந்த படம் ஒன்று வீட்டில் கிடந்தது. விகிதம் உயர உயர நிறம் அடர்ந்துகொண்டே போகும். அதில் பெங்களூரு அரக்குச் சிவப்பு. எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இரண்டு மணி நேரம் போனால் வரும் என் மனைவியின் மாவட்டம் வெளிர் மஞ்சள். இதை அவள் பார்த்த நாள் தொட்டு எனக்கு நிம்மதி இல்லை.

“எங்க ஊரப் பாருங்க, வெண்ணெய் தடவுன மாதிரி இருக்குது. உங்க பெங்களூரு தீஞ்சுபோன தோசை.”

“உங்க ஊர்ல எழுபது வயசுல ஒருத்தர் செத்தா என்னன்னு எழுதறாங்க?”

“வயசாச்சுன்னு எழுதுவாங்க. செத்தவருக்கு வயசாகல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?”

“கண்டுபிடிக்கிற வசதி இங்க இருக்கு, அங்க இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“கண்டுபிடிக்காத வரைக்கும் இல்லைன்னுதானே அர்த்தம்? நீங்க புரொபசர், உங்களுக்கு நான் சொல்லணுமா?”

அவள் தொலைபேசி இலாகாவில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். ட்ரங்க் கால் காலத்தில் நான்கு மொழிகளில் மக்களைக் காத்திருக்க வைத்துப் பழகியவள். அவளிடம் கடைசி வார்த்தையைப் பெறும் நிலையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

பிப்ரவரியில் புற்றுநோய் மருத்துவரின் அறையிலும் அவள் இந்தக் கட்சியைத்தான் பேசினாள். மருத்துவர் மைசூர்ப் பக்கத்துக் கன்னடப் பெண்மணி. எங்களுக்காகத் தமிழைச் சற்று தயங்கித் தயங்கிப் பேசினார். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்பது வழக்கமான முதல் கேள்வி.

“எங்க ஊர்லயே கிடையாது, டாக்டர்,” என்றாள் என் மனைவி, ஊரின் சார்பாக.

“தாயி எப்படி போனாங்க அம்மா?”

“வயசாகி.”

“ஏஜ் எஷ்டு?”

“அறுபது இருக்கும்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “நோடி அம்மா, எனக்கே அறுபது ஆச்சு. நான் நாளைக்கு வயசாகி போயிடுவேனா?”

என் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு, அம்மாவுக்குக் கடைசியில் வயிறு வீங்கித் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றும், சேலை கட்ட முடியாமல் போயிற்று என்றும், ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் கூறினாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. மருத்துவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். இந்த நோய் சில குடும்பங்களில் இறங்கி வரக்கூடும். உடன்பிறந்தவர்களுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும் என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அப்படி ஒரு பெண் பிள்ளை எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்தாள். என் மைத்துனரின், அதாவது அவள் தம்பியின், மகள். ரிங் ரோட்டில் உள்ள மென்பொருள் அலுவலகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் போய்வருகிறாள். அவ்வாண்டு அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரிலேயே ஆஸ்டின் டவுனைச் சேர்ந்த குடும்பம். பையன் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிப்பதுதான் பாக்கி.

செப்டம்பரில் மைத்துனர் வேனோடு வந்தபோது நான் வியப்படையவில்லை. பெங்களூரில் வைத்தியம் பார்ப்பதும், கைவிரித்த பிறகு ஊருக்குக் கொண்டுபோவதும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். ஓசூர் சாலையில் மெத்தை விரித்த வேன்கள் போவதை நான் ஆய்வாளனாகவே பலமுறை கவனித்திருக்கிறேன். நோய் இந்த மாநிலத்தில் கண்டறியப்படும். சாவு அந்த மாநிலத்தில் வயோதிகமாகப் பதிவாகும். வெண்ணெய் தடவிய நிறத்துக்கு அந்த வேன்களும் ஒரு காரணம். இப்போது அவற்றில் ஒன்று என் வீட்டு வாசலில் நின்றது.

மைத்துனர் என்னைப் பின்பக்கத்துத் துணி துவைக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

“அக்கா ஊர்ல காத்தாட இருக்கட்டும் மாமா.”

“அவள் விரும்பினால் தாராளமாகப் போகட்டும்” என்ற பொருளில் ஏதோ சொன்னேன்.

“அது மட்டும் இல்ல மாமா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மாப்ள வூட்ல அக்காவுக்கு என்னான்னு கேட்டாங்க. அல்சர்னு சொல்லிட்டேன். இங்க ஏதாச்சும் ஆயிட்டா சர்டிபிகேட்ல கேன்சர்னு போடுவாங்க. நாலு பேரு கேப்பாங்க, பதினாறாம் நாள் வரைக்கும் அதே பேச்சாயிடும். ரத்தத்துலயே இருக்குதுன்னு பொண்ண வேணாம்னுடுவாங்க. ஊர்லன்னா ஒரு கேள்வி கிடையாது. வயசாச்சுன்னு எழுதிக்கினு போயிடலாம்.”

அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. மகளுடைய வாழ்வைக் காக்கும் வழியாகவே அதைக் கண்டார். நானோ, மனிதர்கள் எதனால் இறக்கிறார்களோ அதையே எழுதுங்கள் என்று இளம் மருத்துவர்களுக்குப் பாடம் நடத்தியவன். என் மனைவியின் சாவும் பொய்யாகப் பதிவாகிவிடுமோ என்பதைவிட, கடைசி நாட்களில் அவள் என் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவாளோ என்பதே அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது. அவளையே கேட்கலாம் என்றேன்.

கேட்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. துவைக்கும் இடத்தை ஒட்டியே அவள் படுத்திருந்த அறையின் ஜன்னல்.

“டேய், உள்ள வாடா. டெலிபோன்ல வேலை பாத்தவ நான். ஒட்டுக்கேக்கறது எனக்கு என்ன புதுசா?”

உள்ளே போனோம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து அலுவலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மைத்துனரின் மகளும் மாடியிலிருந்து இறங்கி வந்து கதவருகே நின்றாள்.

“ஊர்ல எனக்கு என்னான்னு எழுதுவாங்க? சொல்லு.”

“அக்கா, அதெல்லாம் இப்ப எதுக்கு…”

“சொல்லுடா.”

“வயசாச்சுன்னு எழுதுவாங்க.”

“யாருக்கு? எனக்கா?” தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார முயன்றாள். தம்பி மகள் முதுகுக்குக் கை கொடுத்தாள். “பேங்க்ல, பஸ்ஸுல, காய்கறிக் கடையில ஒருத்தன் என்னை அஜ்ஜி, பாட்டின்னு கூப்பிட்டதில்ல தெரியுமா? மேடம்னுதான் கூப்பிடறான். இவ்ளோ நாள் முடிக்குச் சாயம் போட்டதெல்லாம் வயசாகிச் செத்தாள்னு பேர் வாங்கறதுக்கா?”

“உனக்கு இப்பதான் முடியே இல்லியே அக்கா,” என்றார் தம்பி, தன்னை அறியாமல்.

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அது அடங்கிய பின் குரல் மாறியிருந்தது.

“அம்மாவுக்கும் இப்படித்தானே எழுதினோம்? வயித்துல தண்ணி நின்னது உனக்கு ஞாபகம் இருக்குதா?”

“இருக்குது.”

“அதேதான் எனக்கும். நடுவுல ஒரு தலைமுறைக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நான் நாடாவை லூசு பண்ணிக்கினு உக்காந்திருப்பனா? முன்னாடியே போய்ப் பாத்திருப்பேன். இப்ப நீ எனக்கும் வயசுன்னு எழுதிட்டு, உம்பொண்ணு டாக்டர்கிட்ட போய் எங்க வூட்ல யாருக்கும் இல்லன்னு சொல்லுவாளா?”

மைத்துனர் மகளைப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அத்தை பிப்ரவரியிலயே சொல்லிட்டாங்கப்பா,” என்றாள். “அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

‘அவர்’ என்பது பீன்யாப் பொறியாளர்.

“என்னா சொன்னாரு?”

“டெஸ்டுக்கு லீவு போட்டுட்டு வரட்டுமான்னு கேட்டார்.”

“அவங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“அவங்களுக்கு இன்னும் அல்சர்தான்.”

மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேன் இரண்டு பக்க வாடகைக்குப் பேசி எடுத்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீணாவதைப் பொறுக்கவே மாட்டாத என் மனைவி உடனே தீர்ப்பளித்தாள். பின்பக்கத்தில் உபயோகமற்றுக் கிடக்கும் வாஷிங் மெஷினில் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. பைப்பு மட்டும்தான் மாற்ற வேண்டும். அதை ஊருக்கு ஏற்றிப் போகலாம். அவளுக்காக விரித்திருந்த மெத்தையின் மீது, அடிபடாமல், ஓட்டுநரும் மைத்துனரும் நானும் அதைப் படுக்க வைத்தோம். அவள் ஜன்னல் வழியே திசை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகான வாரங்கள் நல்ல வாரங்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மைத்துனர் சனிக்கிழமைதோறும் வந்தார். அவள் அவரிடம் வாஷிங் மெஷினின் நலம் விசாரித்தாள்.

அவள் போன அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் பகுதி மருத்துவர் வந்தார். எங்களை நெடுநாளாக அறிந்தவர். இளகிய மனம் கொண்டவர். நாடி பார்த்து, என் தோளைத் தொட்டு, இறப்புக் காரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு உணவு மேசையில் உட்கார்ந்தார்.

“சார், கார்டியாக் அரெஸ்ட்னு போட்டுடறேன். உங்களுக்கும் சிரமம் இருக்காது.”

இதயம் எல்லோருக்கும் நிற்கும், டாக்டர், ஏன் நின்றது என்பதைத்தான் அந்தத் தாள் கேட்கிறது என்றேன். அது என் பழைய வகுப்பு வாக்கியம், தானாக வந்தது. அவர் தலையசைத்து, அப்படியானால் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். முதல் வரியில் உடனடிக் காரணம், சொன்னேன். இரண்டாவது வரியில் அதற்கு முந்தையது, அதையும் சொன்னேன். மூன்றாவது வரியில் அடிப்படைக் காரணம். என் கண்ணாடி மங்கலாக இருந்தது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் பேனாவோடு காத்திருந்தார்.

“ஓவரி கேன்சர்னு எழுதுங்க, டாக்டர்,” என்றார் முந்தைய இரவே வந்து சேர்ந்து, என் பின்னால் நின்ற மைத்துனர். “எங்கம்மாவுக்கும் அதான்.”

பிறகு வெளியே போய் அவரே ஆஸ்டின் டவுனுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் போனில் பேசும் உரத்த குரல். தெருவில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். “அல்சர்னு சொன்னது தப்புங்க சம்பந்தி. கேன்சருங்க. ஆமாங்க. பொண்ணுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்குறாங்க.” மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை. பையனின் தாயார் பிற்பகலில் மாலையோடு வந்தார். என் மனைவியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கிளம்பும்போது, எல்லாம் முடியட்டும், பேசிக்கலாம் என்றார். அதற்கு என்ன பொருள் என்பது குறித்து வீட்டில் இன்றுவரை கருத்து ஒன்றுபடவில்லை.

செய்யாமல் நிற்பவை:

மைத்துனர் மகளின் மரபணுப் பரிசோதனைக்கு நாள் வாங்குவது. உடன் வருவது நானா, பொறியாளரா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

மாமியாரின் கடைசி மாதங்களைப் பற்றி மைத்துனருக்கு நினைவிருப்பதையெல்லாம் கேட்டு மருத்துவருக்கு அனுப்புவது.

பால் பாக்கெட்டைக் குறைக்கச் சொல்வது.

ஆஸ்டின் டவுனுக்குப் போய்ப் பையனின் தாயாரைச் சந்தித்து, எது இறங்கி வரும், எது வராது என்று விளக்குவது. கூட வருவதாக மைத்துனர் சொல்லியிருக்கிறார். எப்போது என்று இருமுறை கேட்டுவிட்டார்.