டீக்கு ஒன்று, வடைக்கு ஒன்று

முந்தின நாள் என் புருஷன் என் தலையைச் சுவரில் மோதியதில் காதுக்குப் பின்னால் புடைத்திருந்தது. இன்னொரு முறை மோதினால் பிழைக்கமாட்டேன் என்று தெரிந்துதான் கிளம்பினேன். ஓசூரில் அக்கா இருக்கிறாள். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மாமா பார்த்துக்கொள்வார்.

ஊரிலிருந்து பாலக்கோடு வரை டவுன் பஸ். பெண்களுக்குக் காசு கிடையாது, அதனால் பிரச்சினையும் இல்லை. பாலக்கோட்டில் ஓசூர் பஸ் ஏறினேன். வழியில் மாரண்டஹள்ளி வரும். அங்கே தக்காளி மண்டியில்தான் அவனுக்கு வேலை. முந்தானையை இழுத்து மூடிக் குனிந்துகொண்டால் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

“சில்லறை இல்லீங்கக்கா. போன்ல போட்டுருங்க, இப்ப மெஷின்லயே வந்துருச்சு.”

டிக்கெட் மெஷினின் திரையைக் காட்டினார். பாழாய்ப்போன பழக்கம், நானும் ஸ்கேன் செய்து போட்டுத் தொலைத்தேன். டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் போனில் இருப்பது அவன் பேங்க் கணக்கு, அவனே இணைத்துக் கொடுத்தது. கீரைக்கட்டு வாங்கினாலும் யாருக்கு, எவ்வளவு என்று அவன் போனில் டிங்கென்று அடிக்கும். பஸ் கட்டணத்தைப் பார்த்தால் எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாதா? நடுவில் வந்த வெள்ளிச்சந்தையில் இறங்கியிருக்கலாம். இறங்காமல் முந்தானையை இழுத்து மூடிக் குனிந்துகொண்டேன்.

மாரண்டஹள்ளி நிறுத்தத்தில் நின்றிருந்தான். ஏறியவன் நேராக வந்து ஜடையைப் பிடித்து இழுத்து, முன்சீட்டுக் கம்பியில் என் முகத்தை மோதினான். உதடு கிழிந்தது.

“எங்காசுலயே டிக்கெட்டு எடுத்துட்டு ஓடறியா? எறங்குடி.”

பயமெல்லாம் அந்த அடியோடு போயிற்று. மடியில் சாம்பாரோடு இருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்து ஓங்கி அடித்தேன். புருவம் பிளந்தது. ரத்தமும் சாம்பாருமாக வழிந்தது. மறுபடி அடித்தேன், மூக்கில் பட்டது. கொன்றுபோட வேண்டும் என்றுதான் அடித்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கண்டக்டர் நடுவில் புகுந்து எங்களைப் பிரித்தார்.

“அவ எம்பொண்டாட்டி, நீ யார்றா கேக்கறதுக்கு?”

“இருக்கட்டுங்க. அந்தக்காகிட்ட ஓசூருக்கு டிக்கெட்டு இருக்குது. உங்ககிட்ட இல்லை. நீங்க எறங்குங்க.”

அவன் கண்டக்டரின் சட்டையைப் பிடித்தான். பின்சீட்டு ஆட்கள் எழுந்து வந்து அவனை ரோட்டில் தள்ளினார்கள். கண்டக்டர் கிழிந்த பாக்கெட்டோடு விசில் கொடுத்தார்.

ஓசூரில் இறங்கியதும் எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனேன். ஐந்நூறு ரூபாய் அப்படியே இருந்தது. அதைத் தொடவில்லை. போனை எடுத்து, டீக்கு ஒரு தடவை, வடைக்கு ஒரு தடவை என்று தனித்தனியாகப் போட்டேன். எந்த ஆஸ்பத்திரியில் தையல் போட உட்கார்ந்திருந்தாலும் சரி, அவன் போனில் ரெண்டு தடவை அடிக்கட்டும். உதடு எரிய எரிய டீயைக் குடித்து முடித்தேன். பிறகு சிம்மைக் கழற்றி எச்சில் கிளாஸில் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.