நிழல் விழாது என்று நான் சொன்ன கோபுரம்

சென்ற ஆண்டு பங்குனி மாதம், உச்சிப்பொழுது, இடம் கங்கைகொண்ட சோழபுரம் பெருங்கோயில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், கைக்குக் கிடைத்த நூல்களையெல்லாம் கற்று, எங்கள் பக்கத்துப் பழங்கட்டடங்களைப் பற்றி எவரிடமும் விரித்துரைக்கும் வழக்கம் உடையவன். குன்னத்திலிருந்து தா.பழூரிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்த என் மகளின் மாமனாரை அன்று அங்கே அழைத்துச் சென்றேன். நண்பகலில் அக்கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பதை அவருக்கு நேரில் காட்ட வேண்டும் என்பதே என் எண்ணம். ஆகவே வேண்டுமென்றே அந்த வேளையைத் தேர்ந்தேன்.

செருப்புகளை வாயிலில் விட்டு, தேங்காய்நார் விரிப்பின் மேல் நடந்தோம். உச்சியை நன்கு காணலாம் என்று அவரைக் கற்றளத்தில் இறக்கினேன். என் பாதங்கள் பொறுக்கவில்லை. இரண்டே நொடியில் விரிப்புக்குத் தாவிவிட்டேன். அவரோ அசையாமல் நின்று நகைத்தார்.

"என்ன சம்பந்தி, கோழியாட்டம் குதிக்கிறீங்க? பருத்திக்காட்டுல நடந்த காலுங்க இது. எனக்குச் சூடே தெரியல."

அவருடைய உறுதியைப் புகழ்ந்துவிட்டு, விரிப்பில் நின்றபடியே நான் சொற்பொழிவைத் தொடர்ந்தேன்; அவர் கற்றளத்திலேயே அங்குமிங்கும் நடந்து அண்ணாந்து பார்த்தார். பத்து நிமிடம் கடந்திருக்கும். வளாகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

"ஐயா, அவரு காலப் பாருங்க! அடி வச்ச எடமெல்லாம் ஈரம்! சக்கரை இருக்குங்களா?"

இருந்தது. பல ஆண்டுகளாக இருந்தது, நானும் அறிவேன். பாதங்களில் கொப்புளங்கள் எழுந்து உடைந்திருந்தன. அவருக்கோ வலியே இல்லை. சர்க்கரை நோய் அப்பாதங்களின் உணர்வையே போக்கியிருந்தது.

"மொதல்ல அந்த நெழல்ல உக்கார வைங்க!"

அப்பெண்மணி காட்டிய இடத்தைப் பார்த்தேன். வடக்குச் சுவரடியில், ஓர் ஆள் அமரும் அகலத்தில், கோபுரத்தின் நிழல் விழுந்து கிடந்தது.

தம் குடிநீர் முழுவதையும் அப்பெண்மணி அவர் பாதங்களில் ஊற்றினார். துண்டால் துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "தேய்க்காதீங்க, தோலு வந்துரும். எங்க வூட்டுக்காரருக்கு இப்படித்தான் தெரியாமப் போயி ரெண்டு வெரல எடுத்துட்டாங்க" என்றபடியே ஆட்டோவைக் கூவி அழைத்தார்.

ஜெயங்கொண்டத்து மருத்துவர், பெருவிரலை எடுக்க நேரலாம் என்றும், பத்து நாள் கழித்தே கூற இயலும் என்றும் சொன்னார். "சக்கரை இருக்கறது உங்களுக்குத் தெரியும்லப்பா?" என்று மட்டும் என் மகள் கேட்டாள். பத்து நாளும் அக்கேள்வியோடுதான் நான் உண்டேன், உறங்கினேன்.

பதினோராம் நாள், விரல் பிழைத்தது என்றார் மருத்துவர். சம்பந்தி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அடுத்து ரஞ்சன்குடிக் கோட்டைங்களா? சாயங்காலமாப் போவோம், சம்பந்தி."

நன்றி கூறச் சென்றபோது, நான் வாய் திறக்குமுன் அப்பெண்மணி கேட்டார்: "வெரலு இருக்குங்களா?"

இன்றும் அக்கோயிலைக் காட்ட உறவினரை அழைத்துச் செல்கிறேன்; அவர்களுடைய பாதங்கள் எங்கே நிற்கின்றன என்று குனிந்து பார்த்த பிறகே, அண்ணாந்து பார்க்கச் சொல்கிறேன்.