கொடித்துணியில் ஒரு ராஜ அங்கி

மோசெல் ஆற்றங்கரையில், பேரரசரின் படைக்குத் துணி நெய்து தைக்கும் கூடத்தில் சக்ரூனாவும் நானும் பக்கத்துப் பக்கத்து முக்காலியில் முப்பது வருஷம் தைத்தோம். கூடத்தில் பிறந்தவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது, சட்டம் அப்படி. அவள் புருஷன் அமந்துஸ் தறிக்காரர். ஊசி பிடிக்கத் தெரியாது, வாய் மட்டும் நீளம்.

ஒருநாள் படைவீரர்கள் ஏதோ ஆத்திரத்தில் தங்கள் தளபதி கால்வெந்தியுஸைக் கேடயத்தில் தூக்கிவைத்து, "இவர்தான் இனிப் பேரரசர்" என்று கத்தினார்கள். பேரரசர் என்றால் ஊதா அங்கி வேண்டுமே! ஊதாக் கொடிகளைக் கிழித்துவந்து சக்ரூனாவின் மடியில் போட்டார்கள்.

"கொடியக் கிழிச்சு ராசாவா? காத்தடிச்சாப் பறந்துரப் போறாரு" என்றார் அமந்துஸ்.

ஒட்டுத் தெரியாமல் தைத்தாள். ஆனால் பழக்க தோஷம், ஓரத்து மடிப்பில் தன் வீட்டுக் குறியான மூன்று சிவப்புத் தையலையும் போட்டுவிட்டாள். கூடத்தில் எல்லாத் துணிக்கும் போடுவதுதான். பாவி மகள், இதில் போய்ப் போடுவாளா!

கால்வெந்தியுஸ் நாற்பத்தொரு நாள் ஆண்டார். கெட்ட மனுஷன் இல்லை. தோளில் கொஞ்சம் இறுக்குகிறது என்று அவளிடமே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். தூக்கிவைத்தவர்களே அவரைத் தேவாலய வாசலில் வெட்டினார்கள்.

பழைய பேரரசரின் அதிகாரி அந்த அங்கியோடு கூடத்துக்கு வந்தார். அதைத் தைத்தவருக்குத் தலை போகும்.

"இது யார் வீட்டுக் குறி?"

அமந்துஸ் எழுந்தார். "எங்க வீட்டுதுங்க. நாந்தான் தைச்சேன்."

அதிகாரி ஒரு கந்தலையும் ஊசியையும் வீசினார். "எங்க, தைச்சுக் காட்டு."

நூல் கோக்கவே மூன்று தடவை தவறினார். தையல் மாடு மூத்திரம் பெய்ததுபோல் கோணிக்கொண்டு போயிற்று. சக்ரூனா எழப்போனாள்.

"உக்காருடி. ஆம்பளைங்க பேசுற எடத்துல ஒனக்கென்ன வேல?" என்றார் அமந்துஸ், திரும்பிப் பார்க்காமலே.

அதிகாரி அந்தத் தையலையும் பார்த்தார், அங்கியையும் பார்த்தார். புரியாமலா இருக்கும்? மேலே அனுப்ப அவருக்கு ஒரு தலை வேண்டும், அவ்வளவுதான். அமந்துஸை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் அவள் அதே முக்காலியில் உட்கார்ந்து கொடி தைத்தாள். புருஷனைக் கொடுத்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவள் என்று ஊர் அவளைப் பேசியது. "ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியே இவளுக்கு!" என்று காதுபடவே சொன்னார்கள். அவள் ஒருநாளும் மறுக்கவில்லை.

அன்றைக்கு அவள் கத்தத்தான் பார்த்தாள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து அவள் வாயைப் பொத்தியவள் நான். அதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.