பதினோராவது கையெழுத்து

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகத்தான் அறிவீர்கள். அந்தப் பதவி, என் முட்டாள்தனத்தால் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் கைநழுவிப் போயிருக்கும். யார் கேட்டாலும் “நான்தான் கவனிக்கல” என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் அக்கா. இனியும் நான் வாய் மூடியிருந்தால் நன்றாக இருக்காது.

திண்டுக்கல்லில் பிறந்தவர். அக்கா கல்லூரியில் படிக்கும்போதே அப்பா ராமலிங்கம் காலமானார். மருந்தியல் படித்து, அமெரிக்காவில் இந்த பிளெய்ன்ஸ்பரோவுக்கு வேலைக்கு வந்து, என்னையும் படிக்க வைத்து இங்கே அழைத்துக்கொண்டார். தனக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில் வாய் திறக்காதவர், குடியுரிமை கிடைத்தபின் வாயை மூடவே இல்லை. நடைபாதை இல்லாத சாலையில் குழந்தைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்பதைப் பார்த்து, ஊர்க் கூட்டங்களில் சண்டை போட்டார். அது மாநிலச் சாலை என்று கையை விரித்தார்கள். “அப்ப ஸ்டேட்டுக்கே போறேன்” என்றார்.

தேர்தலில் நிற்க, தொகுதி வாக்காளர்கள் கையெழுத்திட்ட மனு வேண்டும். அந்தப் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டு, மளிகைக் கடை வாசலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் நின்றேன். நம்மவர்கள் நம் வழக்கப்படி இனிஷியலை முன்னால் போட்டார்கள். வாக்காளர் பட்டியலிலோ அப்பா பெயர் பின்னால், முழுதாக இருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

எதிர்த் தரப்பு ஆட்சேபித்தது. “கே. குமார் என்று யாரும் பட்டியலில் இல்லை” என்று வக்கீல் வாசிக்க வாசிக்க, பெயர்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டன. அன்று மாலை நான்கு மணிக்குள், பெயர் அடிக்கப்பட்டவர்களில் பதினோரு பேராவது நேரில் வந்து, அது தங்கள் கையெழுத்துதான் என்று சத்தியம் செய்தால்தான் மனு நிற்கும் என்றார் விசாரணை அதிகாரி.

ஒவ்வொருவருக்காகப் போன் போட ஆரம்பித்தேன். வேலை நாள் வேறு. வேலைக்குப் போக பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிய ஒருவர் பாதியில் இறங்கித் திரும்பினார். இன்னொரு அங்கிள் நாட்டின் மறுகோடியில், ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டில் இருந்தார். வர முடியவில்லையே என்று போனிலேயே அழுதுவிட்டார். காரில் போய்ப் போய் ஆட்களை அள்ளி வந்தேன். மூன்று ஐம்பதுக்குப் பத்துப் பேர்.

“இன்னும் ஒருத்தர்தான்க்கா வேணும். யாருமே போன் பிக்கப் பண்ணல. என்னாலதான் எல்லாம் போச்சு.”

அடிக்கப்பட்ட பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார் அக்கா. ஓரிடத்தில் விரல் நின்றது.

“டேய், இந்த ஆர். செல்வம் யாருடா?”

“நான்தான்க்கா.”

“அப்புறம் ஏன்டா இங்க நின்னு அழுதுக்கிட்டிருக்க? லைசென்ஸ எடுத்துக்கிட்டு உள்ள ஓடுடா!”

காலையிலிருந்து ஊரையே தேடியவன் என்னைத் தேடவில்லை. மூன்று நிமிடம் மிச்சமிருக்கும்போது, “நான் செல்வம் ராமலிங்கம்” என்று சத்தியம் செய்தேன்.

அக்கா வென்றார். அந்தச் சாலைக்கு நடைபாதை வந்தது. அதில் அவர் நடந்தது கொஞ்ச காலம்தான், நோய் விடவில்லை. சிகிச்சை போதும் என்று அவரே முடிவு செய்த பிறகு, படிவத்தில் நான் கையெழுத்திட வேண்டியிருந்தது. பேனா ஓடவில்லை. அரைக்கண்ணைத் திறந்து பார்த்தார்.

“முழுப் பேரையும் எழுதுடா. இல்லாட்டி அடிச்சிருவாங்க.”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

மருத்துவமனைக்கு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த ஆன்ட்டிகளுக்கும், ஃப்ரீமான்ட்டிலிருந்து இறுதிச் சடங்குக்குப் பறந்து வந்த அங்கிளுக்கும், அன்று ஓடிவந்த பத்துப் பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சடங்கு முடிந்து, வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இனிஷியல் போடவில்லை. எல்லோரும் அப்பா பெயரோடு, முழுதாக எழுதியிருந்தார்கள்.

இப்படிக்கு,
தம்பி,
செல்வம் ராமலிங்கம்