பிறைக்காகக் காத்திருந்த ஓட்டுநர்

அந்தச் சிறிய மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருடமாக நிற்கிறார் அவர். எல்லோருக்கும் மருந்தக்கா. எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று வாய் வலிக்கச் சொல்லி, தாளிலும் எழுதித் தருவார். வாசலைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் திரும்பி வருவார்கள்.

"அக்கா, மஞ்சள் மாத்திரை காலையிலயா, ராத்திரியா?"

இவ்வளவு சொல்லியும் எங்கே போய்த் தொலைகிறது? மருந்தக்காவுக்கு அது புரியவே இல்லை.

ஒருநாள் எழுத்தை விட்டுவிட்டுப் படம் மட்டும் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. நாலு நாள் கழித்து, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தலைசுற்றலோடு வந்தார். இரவு மாத்திரையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏண்ணே போடலை?"

"நீங்க பிறைதானே போட்டிருந்தீங்க? வெளியே பார்த்தா நிலா முழுசா நிக்குது. தேயட்டும்னு காத்திருக்கேன்."

மருந்தக்காவுக்குச் சிரிப்பும் வந்தது. பயமும் வந்தது. நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது, துணி வெட்டிக்கொண்டிருந்த கணவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன, முட்டையா?"

"சூரியன்!"

"அட, ஆமா. நீ சொன்னப்புறம் முட்டையாப் பார்க்கவே முடியலையே!"

அந்தப் பேச்சு மருந்தக்காவின் மனதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் சூரியனுக்கு அடியிலேயே 'காலை, சாப்பிட்ட பிறகு' என்றும், பிறைக்கு அடியில் 'தினமும் இரவு' என்றும் எழுதினார். 'தினமும்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. ஓட்டுநருக்கும் அப்படி ஒரு தாள் போனது.

அடுத்த மாதம் ஓட்டுநர் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். ஆனாலும் ஐந்து மாத்திரைகளையும் தப்பில்லாமல் ஒப்பித்தார்.

"எப்படிண்ணே?"

"கண்ணை மூடினா தாள் அப்படியே தெரியுதும்மா. இடது ஓரத்துல சூரியன். அது வந்தா அடியில இருக்கிற எழுத்தும் கூடவே வந்துடுது."

கூடவே வந்துவிடுகிறதா? மருந்தக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரிசையில் நின்ற பழைய ஆட்களையெல்லாம் கண்ணை மூடி அவரவர் மாத்திரைகளைச் சொல்லச் சொன்னார். புதுத் தாள் வாங்கியிருந்த ஒரு பெண் காற்றில் விரலால் இடம் காட்டிக் காட்டிச் சொன்னாள். வெறும் படத்தாள் வாங்கிப்போயிருந்த ஒருவர் சூரியன் என்றார், பிறை என்றார், பிறகு கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தார். மருந்தக்கா ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

அறையிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, எல்லாரும் நின்னுக்கிட்டே தூங்கறாங்க?"

"சத்தம் போடாதீங்க டாக்டர், படிச்சிட்டிருக்காங்க."